பூனை தின்ற மாடு

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஆராவமுதன் வீட்டு மாடி காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனபோது, அவர் விக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"முட்டை?"

"வீட்ல சமைக்க மாட்டோம் சார்."

"நான் சமைக்கறதைக் கேக்கலை. முட்டை இந்த வாசப்படியைத் தாண்டுமா, தாண்டாதா?"

"தாண்டாது சார்."

"கோழி, ஆடு, மீன், கருவாடு எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் முட்டைன்னேன். அதுதான் குட்டியா இருக்கு. மொதல்ல அதுதான் தாண்டும்."

ஆராவமுதன் ரயில்வேயில் ஆடிட் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். விக்டர் திருச்சியில் ஒரு காலேஜில் விலங்கியல் லெக்சரர். அவன் மனைவி பேட்ரிசியா ஸ்ரீரங்கத்திலேயே ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். கிறிஸ்தவர்களுக்கு அந்த வீதியில் யாரும் வீடு கொடுத்ததில்லை. ஆராவமுதன் கொடுத்ததற்கு அவர் சொன்ன காரணம், "ரெண்டு பேரும் வாத்தியார். ஒருத்தரை ஒருத்தர் திருத்திண்டே இருப்பா. நம்மகிட்ட சண்டைக்கு வர நேரம் இருக்காது."

இரண்டு வருஷம் வாக்குத் தவறாமல் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாலக்கரையில் பேட்ரிசியாவின் அம்மா வீட்டுக்குப் போய், ஒரு வாரத்துக்கும் சேர்த்து மீனும் கறியும் சாப்பிட்டுவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறுவார்கள். எண்பத்தாறில் பேட்ரிசியா உண்டானாள். ஸ்கூலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தது அப்போதுதான் எத்தனை பெரிய விஷயமென்று தெரிந்தது. மசக்கையோடு பஸ்ஸில் நின்று காவிரிப் பாலத்தைத் தாண்டுவதை அவள் ஒரே ஒரு தரம் செய்து பார்த்தாள். கண்டக்டர் இன்றைக்கும் அவளை மறந்திருக்க மாட்டார்.

கீழ்வீட்டில் ஆராவமுதனும், அவர் மனைவி செங்கமலம் மாமியும், வெண்ணெய் என்கிற பூனையும் இருந்தார்கள். பூனை பெயருக்கேற்ற வெள்ளை. பெயருக்கேற்ற கொழுப்பு. காலையில் பால், மத்தியானம் தயிர்சாதம், ராத்திரி தயிர்சாதம். மாமி தன் கையாலேயே குழையப் பிசைந்து, அதன் வெண்கலக் கிண்ணத்தில் வைப்பார்.

"இது எலியைத் தொட்டதே கிடையாது" என்பார் ஆராவமுதன். "எலி வந்தா எழுந்து வழி விடும். போன ஜென்மத்துல யாரோ பெரியவா."

விக்டர் டாக்டரேட்டுக்கு எடுத்திருந்த விஷயம், திருச்சிப் பூனைகள் என்ன தின்கின்றன என்பது. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். அவன் மாமியார் முதலில் கேட்டபோது, "பூனைகிட்டயே கேக்கலாமே தம்பி" என்றார். அதுதான் கஷ்டம். பூனை சொல்லாது. பின்னாடியே சுற்றினாலும் ராத்திரி எங்கே போகிறதென்று தெரியாது. முன்பெல்லாம் மலத்தைக் கிளறிப் பார்ப்பார்கள், அல்லது வயிற்றை அறுத்துப் பார்ப்பார்கள். இப்போது புதிதாக ஒரு வழி வந்திருந்தது. ரோமம் போதும்.

விக்டர் அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்வது இப்படி: "நைட்ரஜன்ல லேசானது ஒண்ணு, கனமானது ஒண்ணு இருக்கு. கெட்டுப்போகாது, மாறாது. ஒரு பிராணி சாப்பிடும்போது லேசானது வெளிய போயிடும், கனமானது கொஞ்சம் அதிகமா உடம்புல தங்கிடும். அதனால வைக்கோலைவிட வைக்கோல் தின்ன மாட்டுல கனம் ஒரு படி ஜாஸ்தி. அந்த மாட்டைத் தின்னவன்கிட்ட இன்னும் ஒரு படி ஜாஸ்தி. கார்பன்லயும் இதே மாதிரி ரெண்டு இருக்கு. அதைப் பாத்தா, மொதல்ல தின்னது நெல்லா, இல்ல சோளம் கம்பான்னு தெரியும். முடியை மெஷின்ல போட்டா நம்பர் வரும். பொய்யே சொல்ல முடியாது."

இதற்காக லால்குடியில் வைக்கோல் தின்கிற மாடுகள், பச்சைமலையில் கம்பந்தட்டை தின்கிற மாடுகள், மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் பிடித்த எலிகள், மீன் மார்க்கெட் பூனைகள் என்று எல்லாவற்றிலிருந்தும் ரோமம் சேர்த்து வைத்திருந்தான். அவனுடைய கைடு டாக்டர் பாக்கியநாதன் எல்லாக் கவர்களையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரிப்பா. ஆனா அடியில ஒரு கோடு வேணும்ல? மாமிசமே தின்னாத பூனை ஒண்ணு இருந்தா, அதை வச்சு மத்ததை அளக்கலாம். அப்படி ஒண்ணு உலகத்துல கிடையாது, என்ன பண்றது."

"எங்க வீட்டுக் கீழ இருக்கு சார்" என்றான் விக்டர்.

ஆராவமுதனிடம் கேட்டபோது அவர் முகம் மலர்ந்ததை விக்டர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அமெரிக்காவுக்கா அனுப்பறேள்?"

"ஆமாம் சார். எங்க சாரோட பழைய ஸ்டூடன்ட் அங்க ஒரு யூனிவர்சிட்டியில இருக்காரு. அந்த மெஷின் அங்கதான் இருக்கு."

"நம்ம வெண்ணெய்தான் ஸ்டாண்டர்டா?"

"ஆமாம் சார். மத்த பூனையெல்லாம் இதை வச்சுத்தான் அளப்போம்."

"பேஷ். ஆனா இன்னிக்கு வேண்டாம். செவ்வாய்க்கிழமை."

"பூனைக்குமா சார்?"

"பூனை மட்டும் வேற வாரத்துலயா இருக்கு? செவ்வாய்க்கிழமை முடி எடுக்கப்படாது. நாளைக்குக் காலம்பற, ராகுகாலம் வரதுக்கு முன்னாடி."

மறுநாள் மாமி பூனையை வெந்நீரில் குளிப்பாட்டினார். குளித்த பூனையின் ரோமத்தை விக்டர் கத்தரித்தான். பூனை அவன் மணிக்கட்டைக் கிழித்தது. ஆராவமுதன் கவரை வாங்கி, சிவப்பு மையில் 'ஸ்ட்ரிக்ட்லி வெஜிடேரியன்' என்று இங்கிலீஷில் எழுதி, அடியில் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டார்.

அன்றிலிருந்து வீதியில் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் அதே பேச்சு. "நம்மாத்து வெண்ணெய் அமெரிக்கா போயிருக்கு. சர்ட்டிபிகேட் வரப் போறது." பால்காரர் தங்கையன் மட்டும், "பூனைக்கே சீட்டு கெடைக்குது, எம் மச்சானுக்குக் கெடைக்க மாட்டேங்குதே சாமி" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். விக்டர் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் ஆராவமுதன் பேப்பரைத் தாழ்த்துவார்.

"வந்துடுத்தா?"

"இன்னும் இல்ல சார்."

பேப்பர் மறுபடி உயரும். இப்படியே மாசக்கணக்கில் போயிற்று. பேட்ரிசியாவுக்கு ஏழாம் மாசம் ஆயிற்று.

ஒரு நாள் காலேஜில் பாக்கியநாதன் விக்டரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரிசல்ட் வந்திருக்கு. உன் சைவப் பூனை என்ன தின்னுதுன்னு நினைக்கிற?"

"தயிர்சாதம் சார்."

"மாட்டுக்கறி."

விக்டர் சிரித்தான். பாக்கியநாதன் சிரிக்கவில்லை.

"நீயே பாரு. லால்குடி வைக்கோல் மாடு எங்க நிக்குது? இங்க. அதுக்கு நேர் மேல ஒரு படி ஏறினா யாரு நிக்கிறா? உன் பூனை. கார்பனும் அப்படியே ஒட்டுது. கோடு போட்ட மாதிரி மாட்டுக்கறி."

"எலியா இருக்கக்கூடாதா சார்?"

"எலி நம்பர் வேற. நீதான் மில்லுல பிடிச்சு அனுப்பினியே. மீனும் இல்ல, அது இன்னும் மேல நிக்குது. உள்ளதைச் சொல்லு விக்டர். பாலக்கரையில இருந்து டிபன் கேரியர்ல ஏதாவது வருதா?"

"சார், சத்தியமா இல்ல."

"அப்ப நீ கவரை மாத்திட்ட. அதுக்கும் காரணம் இருக்கு. லால்குடியில ஒரு கன்னுக்குட்டி முடி அனுப்பினியே? அதுவும் மாட்டுக்கறி தின்னிருக்கு."

"கன்னுக்குட்டியா?"

"புலி மாதிரி நம்பர் காட்டுதுப்பா கன்னுக்குட்டி. ஒண்ணு நீ கவரை மாத்தியிருக்கணும், இல்ல லால்குடியை விட்டு ஜனங்க ஓடணும்."

விக்டர் பஸ்ஸில் வரும்போது கவர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். மாறவில்லை. சிவப்பு மையில் எழுதிய கவரை எப்படி மாற்ற முடியும்? அப்படியானால் பூனைக்கு யாரோ மாட்டுக்கறி போட்டிருக்கிறார்கள். கீழ்வீட்டில் போட்டிருக்க முடியாது. அவன் போடவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

பேட்ரிசியா கட்டிலில் காலை நீட்டிப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

"பேட்ரிசியா, கோவிச்சுக்காத. கீழ இருக்கிற பூனைக்கு நீ ஏதாவது போட்டியா?"

"என்ன போட்டேன்?"

"கறி கிறி."

அவள் பேனாவை மூடினாள். "ஏங்க, வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு, கத்திரிக்கா பொரியலையும் வெண்டைக்கா பொரியலையும் மாத்தி மாத்தித் தின்னுட்டுக் கெடக்கேன். எனக்கே இல்லாத கறி பூனைக்கா?"

"இல்ல, ஞாயித்துக்கிழமை பையில ஏதாவது..."

பேட்ரிசியாவின் முகம் மாறியது. விக்டர் அதைக் கவனித்துவிட்டான்.

"என்ன? சொல்லு."

"கறியெல்லாம் இல்ல" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "முட்டை."

"முட்டையா! வாசப்படியைத் தாண்டிச்சா?"

"முட்டை தாண்டல. டாக்டரம்மா தினம் ஒண்ணு சாப்பிடச் சொன்னாங்கல்ல? அமலராணி டீச்சர் அவிச்சுக் கொண்டாருவாங்க. ஸ்கூல்ல ஸ்டோர் ரூமுக்குப் பின்னாடி நின்னு தின்னுடுவேன். ஓட்டை அங்க போட முடியாது, பியூன் பாத்துடுவாரு. அதனால ஹேண்ட்பேக்ல போட்டுக்குவேன். ஞாயித்துக்கிழமை பாலத்துல பஸ் போறப்ப காவிரியில கொட்டிடுவேன். ஓடுதான் தாண்டுச்சு."

விக்டர் ஹேண்ட்பேக்கைப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. இரண்டு வருஷமாக அந்த வீதியிலேயே கறிவேப்பிலை வாசம் மட்டும் வருகிற ஒரே கிறிஸ்தவக் குடும்பம் என்று அவன் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

"சரி, விடு. முட்டை ஓட்டால இந்த நம்பர் வராது. ஆனா ரிசல்ட் கீழ தெரிஞ்சா நம்மதான் காலி பண்ணணும். நீயோ ஏழாம் மாசம். பூனை மாட்டுக்கறி தின்னுச்சுன்னா யாரு போட்டான்னு அவர் கேக்கவே மாட்டாரு. நேரா மாடியைத்தான் பாப்பாரு."

"உங்க மெஷினுக்குப் பைத்தியம்."

"மெஷின் பொய் சொல்லாது. ஆனா ஒண்ணு, லால்குடி கன்னுக்குட்டியும் மாட்டைத் தின்னுச்சுன்னு சொல்லுது."

"தின்னாம?" என்றாள் பேட்ரிசியா எரிச்சலாக. "கன்னுக்குட்டி வேற எதைத் திங்கும்? அதோட அம்மாவைத்தான் திங்கும். இதோ, உள்ள இருக்கிறது இப்ப என்னைத் திங்கல? பொறந்தப்புறம் பாலா உறிஞ்சும், அவ்வளவுதான் வித்தியாசம்."

விக்டர் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"பால்" என்றான்.

"என்ன பால்?"

"பால் எதுல இருந்து வருது? மாட்டோட உடம்புல இருந்து. மாடு எந்தப் படியில இருக்கோ பாலும் அந்தப் படிதான். பாலைக் குடிச்சா ஒரு படி மேல. மாட்டைத் தின்னாலும் அதே ஒரு படி மேல. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்! அது கறியையும் பாக்கல, தயிரையும் பாக்கல. மாட்டைத்தான் பாக்குது. பேட்ரிசியா, நம்ம தப்பிச்சோம்! இப்பவே கீழ போயி சார்கிட்ட சொல்லிடுறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"பாலும் மாட்டுக்கறியும்..." விக்டர் நிறுத்தினான்.

"ம், சொல்லுங்க. ஸ்ரீரங்கத்துல நின்னு, பாலும் மாட்டுக்கறியும் ஒண்ணுன்னு சொல்லிட்டு வாங்க. நான் அதுக்குள்ள பெட்டியைக் கட்டி வைக்கிறேன்."

விக்டர் கீழே போகவில்லை. மறுநாள் படி இறங்கும்போது பேப்பர் தாழ்ந்தது. "வந்துடுத்தா?" "இன்னும் இல்ல சார்." இப்படியே பிரசவம் வரைக்கும் ஓட்டிவிடலாமென்று நினைத்தான். ஆனால் பாக்கியநாதனிடம் பால் விஷயத்தைச் சொல்லித்தான் தீரவேண்டியிருந்தது. சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"அபாரம்! இது தனி சேப்டர்ப்பா! பூனை ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்குது, எவ்வளவு சோறு, எனக்கு எல்லாம் தெரியணும். நானே வந்து பாக்குறேன்."

"வேண்டாம் சார்" என்று விக்டர் சொல்லிமுடிப்பதற்குள் அவர் ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தார்.

அன்று சாயங்காலம் பாக்கியநாதன் கீழ்வீட்டு ஹாலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆராவமுதன் பூனையை மடியில் வைத்திருந்தார். மாமி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றார். விக்டர் எங்கேயும் உட்காரவில்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு பால் சார் குடிக்கும்?"

"காலம்பற ஒரு டம்ளர். தயிர் கணக்கே கிடையாது" என்றார் ஆராவமுதன் பெருமையாக. "எதுக்கு இப்போ கேக்கறேள்? ரிசல்ட் வர நாளாகுமோ?"

"ரிசல்ட்டா? அது வந்து ஒரு வாரம் ஆச்சே! உங்க பூனை மாட்டுக்கறி தின்ன பூனை மாதிரியே..."

விக்டர் பலமாக இருமினான். அதற்குள் வார்த்தை ஹாலின் நடுவில் விழுந்துவிட்டது. யாரும் அதை எடுக்க முன்வரவில்லை.

ஆராவமுதன் பூனையை மடியிலிருந்து மெதுவாக இறக்கித் தரையில் விட்டார். பூனை மறுபடி மடியில் ஏறப் பார்த்தது. அவர் வேஷ்டியை இழுத்துக்கொண்டார்.

"இது வாசப்படியைத் தாண்டி வெளில போறதில்லை" என்றார் நிதானமாக. "அப்போ மாம்சம்தான் வாசப்படியைத் தாண்டி உள்ள வந்திருக்கு. நானும் ஆத்துக்காரியும் கொண்டு வரலை." அவர் கண் கூரையைப் பார்த்தது. "மிஸ்டர் விக்டர், நான் மொத நாளே கேட்டேனோல்லியோ?"

"சார், நாங்க ஒண்ணும் போடல. அது பால் சார்."

"என்ன பால்?"

விக்டர் சொன்னான். படியைப் பற்றிச் சொன்னான், கன்றுக்குட்டியைப் பற்றிச் சொன்னான். எவ்வளவு சுற்றி வளைத்தாலும் கடைசியில் அந்த இடத்துக்கே வந்து நிற்கவேண்டியிருந்தது.

"அதாவது, பாலும் மாம்சமும் ஒண்ணுங்கறேள்."

"நான் சொல்லல சார். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது."

"என் முடியை அந்த மெஷின்ல போட்டா?"

பாக்கியநாதன்தான் உற்சாகமாகப் பதில் சொன்னார்: "தினம் பாலும் தயிருமா சாப்பிடுறீங்கல்ல? நீங்களும் அந்தப் பக்கம் போயிடுவீங்க சார்! எவ்வளவு தயிரோ அவ்வளவு ஏறும்."

"அடியேனை மாட்டுக்கறி தின்னவன்னு ஒரு அமெரிக்காக்காரன் சொல்லுவான்?"

"அவன் சொல்ல மாட்டான் சார். மெஷின்தான்."

அடுக்களை நிலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

ஆராவமுதன் எழுந்து ஹாலில் நடந்தார். முப்பது வருஷம் ரயில்வே கணக்கைப் பார்த்த நடை அது.

"ஆடிட்ல ஒரு முறை உண்டு" என்றார் கடைசியில். "கணக்கு உதைக்கறதுன்னா, சந்தேகமான ஐட்டத்தை எடுத்துட்டுக் கூட்டிப் பாக்கணும். பால்தானே சந்தேகம்? பாலை எடுத்துடலாம். இன்னிலேர்ந்து வெண்ணெய்க்குப் பால் தயிர் கிடையாது. எனக்கும் கிடையாது. அப்புறம் ரெண்டு பேர் முடியையும் அனுப்புங்கோ. நம்பர் கீழ இறங்கினா நீங்க சொன்னது வாஸ்தவம். இறங்கலேன்னா மாடியைக் காலி பண்ணிடுங்கோ."

"புது முடி வளரணும் சார். மூணு நாலு மாசம் ஆகும்" என்றான் விக்டர்.

"ஆகட்டும்."

"ஏன்னா" என்றார் மாமி, முதல் தடவையாக. "மோர்?"

"மோர் எதுலேர்ந்து வரது? அதுவும் கிடையாது."

"காபி?"

ஆராவமுதன் ஒரு நொடி நின்றார். "பால் விடாம போடு" என்றார்.

விரதம் அன்று ராத்திரியே ஆரம்பித்தது. அவர்கள் சாத்தமுது என்று சொல்கிற ரசத்தை விட்டுப் பிசைந்த சாதத்தை ஆராவமுதன் தின்று முடித்தார். சாப்பாடு முடிந்ததென்று அவர் வயிறு நம்பவில்லை. இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் காலையில் கருப்பாக ஒரு டம்ளர் காபி வந்தது. அதைப் பார்த்து, "இது என்ன, கஷாயமா?" என்றார். மாமி, "இதுதான் உங்க காபி" என்றார். அதன்பின் வீட்டில் பாத்திரங்கள் சத்தமாக வைக்கப்பட்டன. பேப்பர்காரனைத் திட்டினார். தபால்காரரைத் திட்டினார். பக்கத்து வீட்டு ரேடியோ சரியாகத்தான் பாடிக்கொண்டிருந்தது, அதையும் திட்டினார்.

மாமி மாடிக்கு வந்து பேட்ரிசியாவிடம் முறையிட்டார்.

"உங்காத்துக்காரர் பண்ணின வேலையைப் பாத்தியா? எங்காத்துக்காரர் இன்னும் நாலு மாசம் இப்படி இருந்தார்னா நான் உங்களோட மாடிக்கே வந்துடுவேன்."

"வாங்க மாமி. ஆனா முட்டை மட்டும் வாசப்படியைத் தாண்டக்கூடாது."

"போடி" என்றார் மாமி. ஆனால் சிரித்தார்.

ஆராவமுதனைவிட முதலில் தோற்றது பூனை. பருப்புஞ்சாதத்தை முகர்ந்து பார்த்து, வெண்கலக் கிண்ணத்தைக் காலால் தள்ளிவிட்டு, நேரே மாடிப்படி ஏறியது. சனிக்கிழமை, ஸ்கூல் லீவு. பேட்ரிசியா மத்தியானக் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பூனை அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திய கத்தலில் மனசு தாங்கவில்லை. ஒரு தட்டில் பாலை ஊற்றி வைத்தாள்.

விக்டர் அதைப் பார்த்தபோது பூனை பாதித் தட்டை முடித்துவிட்டிருந்தது.

"ஐயோ, என்ன பண்ற? அதுக்குப் பால் குடுக்கக்கூடாதுல்ல! நம்பர் இறங்கலன்னா வீடு போச்சு!"

"பசிக்குதுங்க அதுக்கு. அதுவும் வாயில்லாத ஜீவன்."

"வாயில்லாததா? வாயாலதான் நம்மளை வீட்டை விட்டுத் துரத்தப் போகுது!"

தட்டைப் பிடுங்கக் குனிந்தான். பூனை சீறியது. அப்போது படியில் செருப்பில்லாத காலடிச் சத்தம் கேட்டது.

"வெண்ணெய் இங்க வந்துதோ?"

இரண்டு வருஷத்தில் ஆராவமுதன் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வாடகை வாங்கக்கூட வந்ததில்லை. அடுக்களை வாசலில் நின்றார். பூனையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பூனை மீசையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். விக்டர் குனிந்தபடியே இருந்தான். நிமிர்ந்தால் ஏதாவது சொல்லவேண்டியிருக்கும்.

ஆனால் ஆராவமுதன் பூனையை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மேல் பால் நுரைத்து மேலே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பில்டரில் டிகாஷன் இறங்கியிருந்தது. அந்தச் சின்ன அடுக்களை முழுக்கக் காபி வாசம்.

"பால் பொங்கப் போறது" என்றார்.

பேட்ரிசியா அடுப்பை அணைத்தாள். பூனை நக்கிக்கொண்டிருந்தது.

"ஆத்துக்காரி கோயிலுக்குப் போயிருக்கா" என்றார் ஆராவமுதன், யாரும் கேட்காமலே. "வர நாழியாகும்."

பேட்ரிசியா கணக்கு டீச்சர். இரண்டையும் கூட்டிப் பார்க்க அவளுக்கு நேரம் ஆகவில்லை. டம்ளரை எடுத்து ஒரு தரம் கழுவினாள். அவர் பார்க்கும்படி இன்னொரு தரம் கழுவினாள். டிகாஷனை ஊற்றி, பாலை ஊற்றி, டபராவில் உயர ஆற்றி நீட்டினாள்.

இந்த வீட்டுப் பச்சைத்தண்ணீர்கூட அதுவரை அவர் வாயில் பட்டதில்லை. டம்ளரை வாங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். உதட்டில் படாமல் தூக்கி, ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்து அடுக்களையிலேயே உட்கார்ந்தார்.

"டிகாஷன் தண்ணியா இருக்கு" என்றார்.

"அடுத்த தரம் கெட்டியா போடுறேன் சார்" என்றாள் பேட்ரிசியா.

அடுத்த தரம் என்ற வார்த்தையை அவர் மறுக்கவில்லை.

"மிஸ்டர் விக்டர், ஏன் குனிஞ்சிண்டே இருக்கேள்? எழுந்திருங்கோ. அந்த முடி அனுப்பறதெல்லாம் வேண்டாம். மனுஷன் முடியையும் பூனை முடியையும் ஒரே பார்சல்ல அனுப்பறது அவ்வளவு உசிதமில்லை. நான் யோசிச்சுட்டேன்."

"அப்ப வீடு சார்?"

ஆராவமுதன் பேட்ரிசியாவின் வயிற்றைப் பார்க்காமல், அதற்கு மேலே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "பிரசவம் எங்க?"

"பாலக்கரையில, அம்மா வீட்ல."

"ஆனப்புறம்?"

"நீங்க சொன்னா இங்க" என்றாள் அவள்.

"குழந்தை பால்தானே குடிக்கப் போறது? இங்கேயே வந்து குடிக்கட்டும்." எழுந்து வேஷ்டியை உதறினார். "ஆத்துல சொல்ல வேண்டாம். விரதம் விரதம்தான்." பூனையைத் தூக்கி, அதன் மீசையை அங்கவஸ்திரத்தால் நன்றாகத் துடைத்தார். பிறகு யோசித்துத் தன் மீசையில்லாத உதட்டையும் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் மாமி மேலே வந்தார். ஒரு கையில் செம்பு நிறையப் பால். இன்னொரு கையில் ஒரு பொட்டலம்.

"பால் மிச்சம். கீழ யாரும் குடிக்கறதில்லையே. பிள்ளைத்தாச்சி, நீ குடி" என்றார். பொட்டலத்தைப் பேட்ரிசியா கையில் அழுத்தினார். புதிதாக அரைத்த காபிப்பொடி, இன்னும் சூடு ஆறவில்லை. "பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி. சிக்கரி போடாதே, அவருக்குப் பிடிக்காது. தினம் நீ ஸ்கூல்லேர்ந்து வந்தப்புறம், அஞ்சு மணிக்கு நான் கோயிலுக்குப் போயிடறேன். ஒரு மணி நேரம் ஆகும் வர."

"மாமி, உங்களுக்கு எப்படி..."

"நேத்து சாயங்காலம் ரேடியோ நன்னா பாடறதுன்னு சொன்னார்டி" என்றார் மாமி, படி இறங்கிக்கொண்டே.